தானாகப் போகிற நியூட்ரல்

இதைக் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வண்டியில் நானே ஏறிப் பார்த்த காலை வரை என்னிடம் இருந்தது வெறும் கோபம்தான்.

என் அக்காவின் கணவர் வண்டியைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தால் நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். லேசில் முடியாது. லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற உத்தியோகம் அவருக்கு. லிஃப்ட் கதவு ஒரு நொடி தாமதமாக மூடினாலே முகம் சுளிப்பவர், சொந்த வண்டியைச் சும்மா விடுவாரா?

"ஓடிட்டிருக்கும்போதே கியர் தானா நியூட்ரலுக்குப் போயிடுது. இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்குது," என்றார்.

"எப்ப அத்தான் அப்படி ஆகுது?"

"பெரும்பாலும் காலையில. பட்டாணிய ஸ்கூல்ல விடப் போறப்ப. போன வாரம் பாலத்து மேலயே ஆயிடுச்சு."

பட்டாணி என்றால் அவருடைய மகள். எட்டு வயது, ஆனால் பார்த்தால் ஆறு என்பார்கள். தினமும் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போவாள். அன்று என் வொர்க்ஷாப்பில் டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து, வாய் திறக்காமல் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேனரை மாட்டினேன். டிரான்ஸ்மிஷன் மாட்யூலில் கோளாறு என்று காட்டியது. ஆட்டோ கியர் வண்டியில் எந்த கியர் எப்போது விழவேண்டும் என்று முடிவெடுக்கிற சின்ன கம்ப்யூட்டர் பெட்டி அது. பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் இறங்கி, ஊசிகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. சந்தேகத்துக்கே இடமில்லை. புதுப் பெட்டியைப் பொருத்தி, அந்த வண்டிக்கான மென்பொருளை ஏற்றி, ஊரைச் சுற்றி ஓட்டிக் கியர்களைப் பழக்கிக் கொடுத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "குழந்தைய நம்பி ஏத்தி விடலாமாடி?"

"என்னை நம்பு. புதுப் பெட்டி போட்டாச்சு, இனிமே எல்லாம் சரியாயிடும்," என்றேன். பட்டாணி அப்போது முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சித்தியின் கைவேலையில் பெருமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே அத்தான் வந்து நின்றார். அதே புகார்.

என் வேலையைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஸ்கேனரில் ஒரு கோளாறும் இல்லை. விடுவேனா? வண்டியின் அசைவுகளைப் பதிவு செய்கிற கருவி ஒன்றை மாட்டி அனுப்பினேன். மறுபடி நியூட்ரலுக்குப் போனதும் கொண்டுவந்தார். பார்த்தால், பிரேக்கை யாரும் தொடவில்லை, ஆக்ஸிலரேட்டர் அழுந்தியபடியே இருந்திருக்கிறது, கியர் லீவர்தான் நகர்ந்திருக்கிறது. லீவர் சொன்னதை மாட்யூல் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"தப்பு பெட்டி மேல இல்ல அத்தான். லீவரைத் தள்ளினது ஒரு கை."

"எந்தக் கை? என் கையா?"

"வேற யாரு கை? வயசாகுது, ஞாபகம் எங்கயோ, கை எங்கயோ. அக்காகிட்ட சொல்லி வல்லாரை வாங்கித் தரச் சொல்றேன்."

எப்போதும் என் கேலிக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவர் அன்று சிரிக்கவில்லை. "லிஃப்ட் நின்னுபோச்சுன்னு ஒருத்தர் சொன்னா, நீ தப்பு பட்டனை அமுக்கியிருப்பேன்னு நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. உள்ள ஏறி நின்னு பாப்பேன். நாளைக்குக் காலையில நீயும் ஏறி வா."

ஏறினேன். பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு லீவரையே பார்த்தேன். அவர் வழக்கம்போல் கண்ணாடிகளைத் துடைத்து, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. மருந்துக்கடை தாண்டியது, பேங்க் தாண்டியது. யாரோ ஒருவருடைய கட்டிடத்து லிஃப்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கயிறு தேஞ்சு கெடக்கு. அதை மாத்துங்கன்னு சொன்னா அந்த மேனேஜர்..."

அத்தோடு நிறுத்தினார். மேனேஜர் என்ன சொன்னார் என்று நான் காத்திருந்தேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கண் திறந்தே இருந்தது. வாயில் ஒன்றும் இல்லாமலே எதையோ மென்றுகொண்டிருந்தார். முன்னால் ஒரு லாரியின் பின்புறம் பெரிதாகிக்கொண்டே வந்தது. வண்டி வேகம் குறையவில்லை.

பட்டாணி கையை நீட்டினாள். பதற்றமே இல்லை. வீட்டில் ஃபேனை நிறுத்துகிற மாதிரி, லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். இன்ஜின் கத்தியது. பிறகு பெல்ட்டுக்குள்ளேயே சாய்ந்து, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து வண்டியை நேராக வைத்துக்கொண்டாள்.

இந்தத் தொழிலில் ஊறிய நான், ஒரு குழந்தை ஓட்டுகிற வண்டியில் மரமாக உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உயிர் வந்து, இடையில் பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். லாரியின் நம்பர் பலகையில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிகிற தூரத்தில் வண்டி நின்றது.

பட்டாணி அவர் தோளைத் தட்டினாள். "அப்பா. அப்பா, ஸ்கூல் வந்துடும்." தட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஷூவைப் பார்த்தாள்.

அத்தான் கண்ணைச் சிமிட்டினார். லீவரைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா? தானாவே போச்சு. இப்ப என்ன சொல்ற?"

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அதையும் அவர்தான் அழகாக, இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டினார். நான் சோதிக்கப் போகிறேன் என்று நினைத்து, இறங்கிப்போய் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எப்பல இருந்துடி இப்படி?" என்று பட்டாணியிடம் கேட்டேன்.

"அப்பா தூங்கறப்பல்லாம்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"கியரைத் தொடக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க. தொட்டா திட்டுவாங்க." ஷூவின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டாள். "அதோட, நீங்கதான் புதுப் பெட்டி போட்டாச்சு, எல்லாம் சரியாயிடும்னு சொன்னீங்க. இனிமே அப்பா தூங்க மாட்டாங்கன்னு நெனச்சேன் சித்தி."

கதவைத் திறந்து இறங்கினேன்.

"என்ன, மாட்யூல்தானே?" என்றார் அத்தான்.

என் வேலைதான் தப்பு என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். "வண்டியில ஒண்ணும் இல்ல அத்தான். உங்களுக்கு நினைவு தப்புது. கண்ணு தெறந்தே இருக்கு, ஆனா நீங்க இல்ல. அப்பல்லாம் லீவரைத் தள்ளி வண்டிய நிறுத்தறது உங்க பொண்ணு."

அவர் பானெட்டை மெதுவாக மூடினார். மூடியதும் கண்ணாடி வழியாக மகள் தெரிந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாலத்து மேலயும் இவதானா?"

"ஆமா."

நான் கேட்பதற்கு முன்பே சாவியை நீட்டினார். "அவளுக்கு நேரமாகுது. நீ ஓட்டு. அவளை விட்டுட்டு என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இனிமே நான் இந்த சீட்ல உக்காரல."

பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். பட்டாணியை அவர் திட்டவில்லை. நான் வண்டியைக் கிளப்பினேன். பாலம் ஏறியபோது கவனித்தேன், ஓட்டுவது நான் என்று தெரிந்தும் அவளுடைய சின்னக் கை லீவரை ஒட்டியே இருந்தது.