மூன்றாம் தாளில் அடைத்த சுழிகள்

வரைவது நான், பேசுவது அண்ணன். எங்கள் இரண்டு பேர் கம்பெனி இத்தனை காலம் அப்படித்தான் ஓடியது. அண்ணனுக்கு ஒரு கோடு நேராக இழுக்க வராது. ஆனால் பேச ஆரம்பித்தால் சுவர்கூடத் தலையாட்டும்.

கிளைகள் பல உள்ள ஒரு கண் மருத்துவமனை, பெயர்ப்பலகை முதல் அறைக்கதவு வரை எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துரு வேண்டுமென்று எங்களிடம் வந்தது. என் கைவசம் ஒன்று இருந்தது. அதன் முதல் வடிவம் சகிக்காது. தள்ளி நின்று பார்த்தால் ண, ன இரண்டிலும் சுழிகள் அடைத்துக்கொண்டு மை கொட்டியதுபோல இருக்கும். கருத்துக் கேட்டு அண்ணனுக்கு அனுப்பிய கையோடு, வெட்கம் தாங்காமல் என் கணினியிலிருந்து அதை அழித்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு சுழியாகத் திறந்து திறந்து, கண்ணே மங்கிவிட்டது. இங்கே ஜெயித்தால் என் எழுத்து முதன்முறையாகச் சுவரேறும். வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தேர்வு இப்படி: சொட்டு மருந்து விட்டுப் பார்வை மங்கிய நோயாளிகள், நடைவழியில் ஒட்டிய மூன்று தாள்களைப் படிக்க வேண்டும். முதல் தாளில் மருத்துவமனையின் பழைய எழுத்து, அடுத்ததில் ஒரு பெரிய எழுத்துரு கம்பெனியின் எழுத்து, மூன்றாவதில் என்னுடையது. வரைந்தவர் அன்று அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அது நாங்களே வைத்துக்கொண்ட விதி. அச்சடித்ததும் ஒட்டியதும் அண்ணன்தான்.

முடிவு சொல்லும் கூட்டத்தில் தலைமை டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"மூணாவது தாள்ல பாதிப் பேர் திணறிட்டாங்க. ஒருத்தர் 'இங்க ஏதோ கறை இருக்கு, தொடைங்க'ன்னுட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தாளை இழுத்துப் பார்த்தேன். அடைத்த சுழிகள்! நான் அழித்த அதே எழுத்து.

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவசரத்தில் பழையதை எடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் அவன் மானம் போகக் கூடாது. முந்திக்கொண்டேன்.

"தப்பு என்னோடது மேடம். பழைய வடிவத்தக் குடுத்துட்டேன். இன்னொரு தடவ சோதிச்சுப் பாக்கலாமா?"

"உங்க எழுத்தையே நீங்க மாத்திக் குடுத்தா எப்படிம்மா? பலகை செய்றவங்க காத்திட்டிருக்காங்க. ரெண்டாவதே இருக்கட்டும்."

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"பரவால்லண்ணா, விடு. ஆனா எப்படி மாத்தி எடுத்த?"

"மாத்தி எடுக்கல."

எனக்கு உடனே புரியவில்லை. அவன் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தான்.

"அந்தப் பெரிய கம்பெனி இங்க ஆபீஸ் தொறக்குது வாலு. என்னப் பொறுப்பாப் போடறாங்க. மொத வேலைய நானே பிடிச்சுக் குடுக்கணும்னாங்க. உன் புது எழுத்த ஒட்டியிருந்தா அதுதான் ஜெயிச்சிருக்கும்."

என் எழுத்து ஜெயிக்கும் என்று இவன் வாயால் கேட்க எவ்வளவு நாள் ஏங்கியிருக்கிறேன்! உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் அங்கயே உண்மையப் போட்டு உடைச்சிருந்தா?"

"நீயா? நீ என்ன விட்டுக்குடுக்க மாட்ட. அத நம்பித்தான் பண்ணேன்."

துரோகம்கூடப் பெரிதில்லை. என் பாசம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றிருக்கிறான்.

தரைத்தளம் வந்தது. அவன் இறங்கினான். நான் இறங்கவில்லை, கூட்டம் நடந்த மாடிக்குத் திரும்பப் பொத்தானை அழுத்தினேன். அண்ணன் கையை நீட்டிக் கதவைத் தடுத்தான்.

"மேல போய் என்ன சொல்லப்போற? தப்பு உன்னோடதுன்னு இப்பத்தான நீயே சொன்ன."

மிரட்டலாகக்கூட இல்லை. எனக்கு விளங்காத ஒன்றை எடுத்துச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான்.