விளக்கை ஊதும் கணவன்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கிழவரின் முணுமுணுப்பு. பாரிசில் நான் வழக்கமாகப் போகும் திரைக்கழகத்தில் பழைய ஊமைப்படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மனைவி அழுதாள். "அவன் அப்படி என்னதான் பண்ணிட்டான்?" என்று முணுமுணுத்தார் பக்கத்து இருக்கைக் கிழவர். அதைக் கேட்டு அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னோடு வீடுவரை வந்துவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1922இன் மழைக்காலத்தில், துயரமே உருவான லெயோனி..."

(அடித்துவிட்டேன். லெயோனி நன்றாகச் சாப்பிடுகிறவள், நன்றாகச் சிரிக்கிறவள்.)

லெயோனியும் ஒக்தாவும் நாடக நடிகர்கள். நிஜத்திலும் கணவன் மனைவி. மதாம் சில்வேர் என்ற பெண் இயக்குநர், மனம் ஒட்டாத தம்பதியாக அவர்களைத் தன் படத்தில் நடிக்கவைத்தார். ஒக்தாவ் மேசையைக் குத்தினார், நாற்காலியை உதைத்தார், கண்ணை உருட்டினார்.

"போதும்!" என்றார் மதாம் சில்வேர். "இது புருஷன் இல்ல, பூச்சாண்டி. வீட்டுல எப்படியோ அப்படியே இருங்க."

"வீட்டுல நான் தங்கம், மதாம். இவளையே கேளுங்க."

"தங்கம்தான்," என்றாள் லெயோனி. "ஒரு நாள் குரல் உசத்தினதில்ல. ஆனா, தான் படிச்சு முடிச்சதும் விளக்கை ஊதிடுவார். நான் பாதிப் பக்கத்துல இருப்பேன்."

"அட, சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. இருட்டுல."

3

(ஒக்தாவைக் கொஞ்சம் கெட்டவராக்கலாமா என்று பேனாவைக் கடித்தேன். வேண்டாம். கெட்டவனாக இருந்தால் கதை சுலபம்.)

மதாம் சில்வேர் அதையே காட்சியாக்கினார்: கணவன் விளக்கை ஊத வேண்டும், மனைவி அழ வேண்டும். ஒக்தாவ் ஊதினார். லெயோனி தீக்குச்சி கிழித்து மறுபடி ஏற்றினாள்.

"அழணும், லெயோனி!" ஊமைப்படம் அல்லவா, படம் பிடிக்கும்போதும் கத்தலாம்.

"ரெண்டு வரிதான் பாக்கி, மதாம். முடிச்சுட்டு அழறேன்."

ஒளிப்பதிவாளர் குலுங்கிச் சிரித்தார்; கேமராவின் கைப்பிடியைச் சுற்றுவதை மட்டும் விடவில்லை. ஒக்தாவ் மறுபடி ஊதினார். அவள் மறுபடி ஏற்றினாள். மூன்றாம் முறை உதட்டைக் குவித்துக் குனிந்தவர், வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நடிக்கவில்லை, நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தாள். அவர் இழுத்த மூச்சு மூக்கு வழியாகச் சத்தமில்லாமல் போனது.

4

லெயோனி பெட்டியோடு கிளம்பிவிடலாம். (மதாம் சில்வேர் கைதட்டுவார்.) ஒக்தாவ் அவளுக்குத் தனி விளக்கு வாங்கலாம். (விளக்குக் கடைக்காரர் கைதட்டுவார்.) எனக்கு உறுதியாகத் தெரிந்தது அன்று மாலை அவர்கள் நதியோரம் நடந்து திரும்பியது மட்டும்தான்.

"ஆமா, இத்தனை வருஷமா அப்படி என்னதான் படிச்சுக்கிட்டிருந்த?"

முதல் தடவையாகக் கேட்கிறார். லெயோனி நின்று, மூச்சை இழுத்து, ஒரு கப்பல்காரனையும் அவனுடைய இரண்டு விதவைகளையும் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பாலம் தாண்டியாயிற்று, கதை பாதியைக்கூடத் தொடவில்லை. இப்போது ஒக்தாவ் வாயைத் திறக்கிறார்.

"அப்புறம்?" என்பாரா, "பசிக்குது" என்பாரா? நான் பேனாவை மூடுகிறேன். அவர் வாயில் வரும் சொல்லை நீங்களே வையுங்கள். எதை வைத்தாலும் சரி, லெயோனி நிறுத்தப்போவதில்லை.