ஆர்னால்ட் சிகரெட்டை நிறுத்திய போஸ்டர்

என் கணவர் ஆர்னால்ட் தவக்காலத்துக்காக சிகரெட்டை விட்டிருந்தார். "ஈஸ்டர் வரைக்கும்தான் லா. அப்புறம் என்னைக் கேக்காதே." ஈஸ்டர் நெருங்க நெருங்க, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் விளம்பர நிறுவனத்துக்கு அந்த வேலை வந்தது. கிராஞ்சியில் ஒரு தொழிலாளர் விடுதிக்குப் புகைப்பழக்கத்துக்கு எதிரான போஸ்டர். அங்கே இருப்பவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கெட்டுப்போன நுரையீரல் படமெல்லாம் வேண்டாம், விட்டுவிட்ட ஒருவரைக் காட்டுங்கள் என்றார்கள். எனக்கு ஒரு முகம்தான் தோன்றியது. படம் சுவரில் ஏறிவிட்டால் பிறகு எப்படிப் பற்றவைப்பார்? அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன். பாதிக்குமேல் போலீஸ் வேலைதான்.

ஆர்னால்ட் பெருமையாகச் சம்மதித்தார். கோட்டுப் போட்ட படம். சுற்றிலும் கருப்புப் பார்டர், சுத்தமான காற்றுக்கு அடையாளமாக வெள்ளைப் பூக்கள், இரு பக்கமும் அசையாமல் எரியும் மெழுகுவர்த்திகள். கீழே, 'சிகரெட்டை நிறுத்தினார்.' தமிழ்நாட்டுக் கிராமம் எதையும் பார்க்காமல் இங்கே புக்கிட் பாஞ்சாங்கில் வளர்ந்த எனக்கு அது மிக நாகரிகமாகத் தெரிந்தது.

ஈஸ்டருக்கு மறுநாள் விடுதி மேற்பார்வையாளர் ரஃபீக் போன் செய்தார்.

"லொரைன்க்கா, உங்க போஸ்டருக்குப் பசங்க மாலை போட்டுட்டாங்க."

"ஏன்?"

"ஊர்ல யாராச்சும் செத்தா இப்படித்தானேக்கா கண்ணீர் அஞ்சலி ஒட்டுவாங்க? கீழ இருக்கிறதை எவன் படிச்சான்! சின்ன வயசுல போயிட்டாரேன்னு துக்கம் தாங்காம, அங்கயே நின்னு ஊதித் தள்றாங்க."

நான் கிளம்பிய டாக்சியில் ஆர்னால்டும் ஏறிக்கொண்டார். சட்டைப் பையில் ஈஸ்டருக்கு வாங்கிய சிகரெட் பாக்கெட், இன்னும் பிரிக்காமல். நான் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விடுதி வாசலில் ஒருவன் அலறினான். இன்னொருவன் ஆர்னால்டின் கையைத் தொட்டுப் பார்த்தான். "சூடா இருக்குடா!" ஒரே ஆரவாரம். சந்தோஷத்தில் ஒருவர் சிகரெட்டை நீட்டினார். "அண்ணே, உயிரோட இருக்கீங்க, இந்தாங்க!"

ஆர்னால்ட் அதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மாலை நிஜமாகவே அழகாக இருந்தது. அதைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கருப்புப் பார்டர் வேணாம். இப்படியே புதுசா ஒண்ணு எடு."

"பல்லைக் காட்டுங்கண்ணே, அப்பதான் நம்புவாங்க!"

நான் போனைத் தூக்கியதும் ஆர்னால்ட் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"குப்பையில போடு லா. படத்துல துருத்திக்கிட்டுத் தெரியும்."