யார் போய்க் கூப்பிடுவது

இரத்தினவேல் பாட்டுப் பெட்டியின் வயரைப் பிடுங்கியதும் பாட்டு பாதியில் நின்றது. அவனுடைய அண்ணர் பத்மநாதன் கையிலிருந்த இடுக்கியைக் கோழிக்கால்களுக்கு மேலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ஊரில சண்டை. சனம் மரத்துக்குக் கீழ படுத்துக் கிடக்குது,” என்றான் இரத்தினவேல். “ உங்களுக்கு இங்க சினிமாப் பாட்டுக் கேக்குதோ?”

“கனடா டேக்கு உன்ரை எழுச்சிப் பாட்டோ போடுறது? இதென்ன கொண்டாட்டமோ, கூட்டமோ?”

“கொண்டாட என்ன கிடக்கு?”

“சோறு தந்த நாடடா. அது கிடக்கு.”

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி, ஸ்காபரோவில் ஒரு பூங்காவில், நாற்பது சொந்தக்காரர் பார்த்திருக்க அண்ணனும் தம்பியும் இப்படி மல்லுக்கு நின்றார்கள். பத்மநாதன் இரண்டு கிழமையாக உட்கார்ந்து பொறுக்கிப் பதிந்த தொண்ணூறு நிமிடக் கசெற் அது. முதலில் கனடாவின் தேசிய கீதம், பிறகு பழைய படப்பாட்டுகள். அதை உருவி எடுத்துக்கொண்டு போய், மரநிழலில் நின்ற தன் காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். அங்கே கசெற்றை முதலுக்குச் சுற்றினார்; கீதம் தொடங்கியது. அப்போது ஒரு மணி.

அவருடைய மனைவி யோகமலருக்கு இது புதிதல்ல. மனுசன் கோபித்துக்கொண்டு போய் இருந்தால் யாராவது பின்னால் போய், “வாங்கோ, சாப்பிடுவம்” என்று கெஞ்ச வேண்டும். கல்யாண வீடோ பிறந்தநாளோ, பதினெட்டு வருடமாக அந்த யாராவது அவள்தான். கொளுத்திப் போடுவது தம்பி, அணைப்பது அவள். இரண்டு பேரிலும் அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

“நீதானே பிடுங்கினனி. நீ போய்க் கூப்பிடு.”

“நான் போகமாட்டன் அண்ணி. வேணுமெண்டால் அவர் வரட்டும்.”

“அப்ப கிடக்கட்டும்.”

பதினைந்து வயது மகள் துவாரகா எழுந்தாள். “அம்மா, ஐ வில் கோ. அப்பா இன்னும் ஒண்டும் சாப்பிடேல்ல.”

“இரு அங்க. ஒருத்தரும் போகக்கூடாது. சித்தப்பா போகட்டும்.”

இங்கே எழுச்சிப் பாட்டு, அங்கே படப்பாட்டு. முக்கால் மணித்தியாலத்தில் கார் ஒருகணம் அடங்கி, மறுபக்கப் பாட்டுகள் தொடங்கின.

“பாருங்கோ, கசெற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்கிறார். கொழுப்பு,” என்றான் இரத்தினவேல்.

கொழுப்புத்தான் என்று யோகமலரும் நினைத்தாள். தட்டை நிரப்பி, கார்ப் பக்கமாகத் திரும்பியிருந்து, அவர் பார்க்கட்டும் என்றே சாப்பிட்டாள். பாட்டு மறுபடி திரும்பியது. பிறகும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அவளுக்கும் மைத்துனனுக்கும் பிடிவாதம் கூடியது.

நாலு மணியாகச் சனம் சாமான்களைக் கட்டத் தொடங்கியது. பாயையும் பெட்டியையும் அந்தக் காரில்தான் ஏற்ற வேண்டும். இரத்தினவேல் கோப்பையை எறிந்துவிட்டுப் போனான். ஒருமாதிரி வென்றுவிட்டேன் என்று யோகமலருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் கண்ணாடியில் தட்டினான். கதவைத் திறந்து குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

அவள் ஓடினாள். பத்மநாதனின் தலை சீற்றில் சாய்ந்திருந்தது. மடியில் கிடந்த கைகள் குளிர்ந்திருந்தன. கடைசிப் பாட்டு முடிந்து, றேடியோவுக்குள் டிக் என்றது. யாரும் தொடாமலே தேசிய கீதம் மறுபடி தொடங்கியது. மே மாதம் வாங்கிய பழைய கார். அதன் றேடியோ கசெற்றின் பக்கத்தைத் தானாகவே மாற்றும் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்புலன்சுக்குப் பின்னால் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். கடைசியாக அவரோடு பேசியது யார், எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

“நான்தான்,” என்று இரத்தினவேல் ஆங்கிலத்தில் சொன்னான். “கதவைத் திறக்கிறதுக்கு ஒரு பத்து நிமிஷம் முந்தி. இதிலதான் நிண்டு கதைச்சனாங்கள்.”

பொலிஸ்காரர் யோகமலரைப் பார்த்தார். அப்படித்தானா?

ஒரு சொல் போதும், மைத்துனனைச் சபையில் நாறடிக்க. அந்தச் சொல் நாக்கு நுனியில் நின்றது. மூன்று மணித்தியாலம். ஆனால் அடுத்த கேள்வி, நீ ஏன் போகவில்லை என்று, தன்னிடம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் தலையாட்டினாள்.

பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். துவாரகா வாயைத் திறந்தாள். யோகமலர் எட்டி அவளுடைய கையைப் பிடித்து இறுக்கினாள். துவாரகா அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு, இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.