அப்பாவின் தூரிகை

அன்று அருங்காட்சியகத்தின் பின்னறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: காப்பாளர், அவளுடைய சித்தப்பா, வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர். குப்பியிலிருந்து எடுத்த தாவும் சிலந்தி, அரிசி அளவில், நுண்ணோக்கியின் அடியில் கிடந்தது. முகத்தில் வெண்பட்டை இல்லை என்பதால் அதைத் தனிப் பேரினமாக வகைப்படுத்தி, தங்கள் குடும்பப் பெயரையே அதற்குச் சூட்டியவர் காப்பாளரின் அப்பா.

"பட்டை இருந்துச்சுன்னா பழைய பேரினத்தோட சேர்த்துடணும்," என்றார் ஆய்வாளர், கண்ணாடியைத் துடைத்தபடி.

"எங்கண்ணனுக்குச் சிலந்தியைவிட ரெண்டு கண்ணு கூட," என்றார் சித்தப்பா.

அவள் குனிந்து பார்த்தாள். முன்வரிசையின் நான்கு கண்களும் அவளையே முறைத்தன. பெரிய கண்ணுக்குக் கீழே, மடிப்புக்குள், மூன்று வெண்செதில்கள் ஒட்டியிருந்தன. வெண்பட்டையின் மிச்சம். அப்பா எந்தச் சிலந்தியையும் தூரிகையால் துடைத்துவிட்டுத்தான் படம் வரைவார். பட்டையைத் துடைத்தெடுத்தது அவர் கைதான். இன்னொரு முறை துடைத்தால் இந்த மூன்றும் போய்விடும். தூரிகை அவள் கையில் இருந்தது.

"என்னம்மா, முகமே வெளுத்துப்போச்சு?" என்றார் சித்தப்பா.

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"சார், இங்க வந்து பாருங்க."

குடும்ப மானத்தைக் காக்க அவள் அந்தச் சிலந்தியை நசுக்கிவிட்டாள் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். சிலந்தி அதே குப்பியில் முழுதாக இருக்கிறது. குப்பியின் சீட்டில் அப்பா வைத்த பேரினப் பெயரைக் கோடு போட்டு அடித்தது அவள்தான்.