நீலச் சேட்டுக்காரர்

குருமண்வெளித் துறையில் பலர் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்து நின்றார்கள். மரத்தடியில் ஒரு முதியவர் சரிந்து கிடந்தார். குடித்திருப்பார் என்று எல்லோரும் சும்மா நிற்க, மவுறீனும் அப்படியே நின்றாள்.

அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைக் கண்டதும், இது குடியில்லை, பக்கவாதம் என்று பதறிப்போனாள்.

"ஆராவது வாங்களேன்!"

ஒருவரும் அசையவில்லை. அவள் ஒருவரைக் கைகாட்டினாள்.

"நீலச் சேட்டுப் போட்ட அண்ணன், நீங்கதான்! ஓடிப்போய் ஓட்டோ கூட்டி வாங்க!"

அவர் ஓடினார். பிறகு எல்லோருமே ஓடிவந்து முதியவரைத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், "நேரத்துக்குக் கொண்டு வந்திட்டீங்க. தப்பிட்டார்" என்றார்.

நீலச் சேட்டுக்காரர் கண்ணைத் துடைத்தார். "வேற ஆராவது போவாங்க எண்டுதான் நிண்டன், தங்கச்சி."

"நானும் அப்பிடித்தான் நிண்டன், அண்ணன்" என்ற மவுறீனுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.