லிஃப்டுக்குள் இருந்து கேட்ட வகுப்பு

"அப்பா, நீங்க அந்தப் பக்கமே வரக்கூடாது" என்று மகள் கறாராகச் சொல்லியிருந்தாள். பொறியியல் கல்லூரியில் இலக்கியம் நடத்தும் வேலைக்கு அவளுக்கு இன்று சோதனை வகுப்பு. தேர்வுக் குழுவுக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கல்லூரி லிஃப்டுக்கு அடுத்த வாரம் செய்ய வேண்டிய சர்வீஸை இன்றைக்கே இழுத்துக்கொண்டு வந்து, வகுப்பறை இருக்கும் மாடியில் லிஃப்டை நிறுத்தி உள்ளே உட்கார்ந்துவிட்டார். கையில் ஸ்பானர், காதெல்லாம் வகுப்பில்.

"பழைய பாட்டுல தலைவி கடலோட பேசுவா, நிலாவோட பேசுவா. எதுக்கு?" இது மகள்.

"அப்ப ஃபோன் இல்ல மேடம். இப்ப அதுவே பதில் சொல்லிடுது" என்றாள் ஒரு மாணவி. சிரிப்பு.

குழுவில் ஒருவர் கனைத்தார். "மெஷின் செய்யப்போற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் என்ன பிரயோஜனம்?"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரம் நகர்ந்தார். மகள் அசரவில்லை.

"எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக் சார். நாள் முழுக்கத் தனி ஆளா வேலை. மோட்டாரோட பேசிக்கிட்டே இருப்பாரு. அம்மாவுக்கு நோய் முத்திடுச்சுன்னு டாக்டர் சொன்னதை மோட்டார்கிட்டதான் சொல்லி அழுதாரு. சாப்பாடு கொண்டுபோன நான் கதவுக்கு வெளியே நின்னு கேட்டேன். அம்மா போற வரைக்கும் வீட்டுல அதைப்பத்தி வாயே திறக்கல. ஒருத்தி கடல்கிட்ட பேசுறான்னா, பேச வேண்டிய ஆள்கிட்ட பேச முடியலைன்னு அர்த்தம். மெஷின் செய்யறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும் சார்."

நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்று லிஃப்டுக்குள் இருந்தவருக்கு முகம் சுட்டது. அது ஒரு நிமிஷம்தான். தன் வாயில் இத்தனை வருஷம் வராததை, குரல் நடுங்காமல் சொல்கிறாளே. நெஞ்சு நிமிர்ந்தது. 'என் பொண்ணு, பாத்தியா' என்று லிஃப்டிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்த மகள் லிஃப்டில் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ரொம்பப் பெருமையா இருந்துச்சும்மா."

லிஃப்டை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டைப் பார்த்து நடந்தார். அவள் கருவிப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"டாக்டர் சொன்ன அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து நானும் உங்கம்மாவும் நடந்தேதான் வந்தோம்" என்று ஆரம்பித்தார்.

இரண்டு படி இறங்குவார், நிற்பார். கீழ்மாடித் திருப்பத்தில் நின்றேவிட்டார். ஏறி இறங்கும் பிள்ளைகள் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவள் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.